கவலைப் பாட்டு

எருது பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் கவலை என்று பெயர். மதுரை, நெல்லைச் சீமையில் அதையே கமலை என்பார்கள். கபிலை என்ற சொல்தான் இப்படியெல்லாம் திரிந்தது என்பது அகராதி பார்த்தவர்கள் சொல்வது. மனத்தை அரிக்கிற கவலைக்கும் இதற்கும் சொல்லளவில் உறவு கிடையாது. ஆனால் ஏழெட்டு வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். விடிந்து எழுந்து தாத்தாவைத் தேடி "அப்பாரு எங்கீங்?" என்று கேட்டால், "கவலை ஓட்டப் போயிருக்கறாரு அம்மிணி" என்பாள் அப்பத்தா. இருட்டோடு எழுந்துபோய் எதையோ துரத்திவிட்டு வருகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அது அப்படியொன்றும் தப்பான நினைப்பில்லை என்று இந்த வயதில் தோன்றுகிறது.

அந்தக் கவலையை ஓட்டும்போது பாடுகிற பாட்டு செத்துப்போய்விட்டது. அதற்கு யாரும் இழவு சொல்லிப் போகவில்லை, கருமாதி செய்யவில்லை. எங்கள் தோட்டத்தில் அது செத்த நாள் எனக்குத் தெரியும். ஐந்து எச்பி மோட்டாருக்குப் பொங்கல் வைத்துச் சந்தனம் பூசிய நாள் அது. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அப்பாருவும்தான்.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக ஒரு பாதை வெட்டியிருப்பார்கள். அதுதான் வாரி. கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ப அதன் நீளம். மேலே இரண்டு கல்தூண், குறுக்கே கட்டை, அதில் மர உருளை. உருளை மேல் வடம். வடத்தின் ஒரு முனை எருதுகளின் நுகத்தடியில், மறுமுனை கிணற்றுக்குள் தொங்கும், தண்ணீர் மொள்ளுகிற சாலில். சாலுக்கு அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் வால், அதைப் பிடித்திழுக்க ஒரு வால்கயிறு. எருதுகள் வாரியில் இறங்கினால் சால் மேலே ஏறும். ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் எருதுக்கு ஒத்தாசை. சால் மேலே வந்து சேர்ந்ததும் வால் தொட்டிக்குள் விழுந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். அதன்பிறகு எருதுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். காலி சால் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரில் மோதும் சத்தம் அடியிலிருந்து நிதானமாக எழுந்து வரும். மறுபடியும் இறக்கம். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு சால்.

இந்த வேலைக்குள்தான் பாட்டு இருந்தது. எருது இறங்க ஆரம்பிக்கும்போது அப்பாரு ஓர் அடியை எடுப்பார். வாரியின் அடி வரைக்கும் அந்த அடி நீளும். ஒரே மூச்சு. தண்ணீர் கொட்டுகிற நேரம் பாட்டு நிற்கும், தண்ணீர் பாடும். எருது பின்னால் ஏறும்போது பாட்டு கிடையாது. நாக்கைத் தட்டி, "ஹோ... வா... வா..." என்று கூப்பிடுவதுதான். பிள்ளையாரில் ஆரம்பித்து, ஊர்த் தெய்வங்களைத் தொட்டு, அதற்குப் பிறகு எண்ணிக்கை. எத்தனாவது சால் என்பது ஒவ்வோர் அடியிலும் வந்துகொண்டே இருக்கும். கணக்குப் பிள்ளையும் அதுதான், கடிகாரமும் அதுதான். எங்கள் ராகி வயலில் ஒரு பாத்திக்கு நாலு சால். கீழே மண்வெட்டியோடு நிற்கிற நான் தண்ணீரைப் பார்க்கவே வேண்டாம். பாட்டைக் கேட்டு மடை திருப்பிவிடுவேன்.

பாட்டோடு சேர்ந்து கேட்டவற்றை விட்டுவிட முடியாது. உருளை கத்தும். எண்ணெய் போட்டால் கத்தாது, ஆனால் அப்பாரு முழுக்க எண்ணெய் போட மாட்டார். உருளை பேசாவிட்டால் எருதுக்கு நடை வராது என்பார். சலங்கை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கிழக்கே வெளுப்பதற்கு வெகுமுன்பே கரிச்சான் கத்த ஆரம்பித்துவிடும். ஊரில் சேவலை நம்பி எழுந்தவர்களைவிடக் கரிச்சானை நம்பி எழுந்தவர்கள் அதிகம். கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அதே கரிச்சான் எருதின் முதுகில் வந்து உட்கார்ந்து, வாரியில் இறங்கியும் ஏறியும் சவாரி செய்யும். வேலியோரத்தில் செம்போத்து அடித்தொண்டையில் உக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு கிழவரின் குரல். எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று பிரிக்கவே முடியாது.

பாரதிக்கு இது தெரிந்திருந்தது. குயில் பாட்டில், குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த ஓசைகளை அதன் வாயாலேயே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பறவைக் குரல், மரங்களுக்கிடையில் காற்று, ஆற்று நீர், அருவி, கடல். அதே மூச்சில் ஏற்றநீர்ப் பாட்டுக்கும், நெல் இடிக்கிற, சுண்ணம் இடிக்கிற பெண்களின் பாட்டுக்கும் வந்துவிடுகிறார். இயற்கை ஓசை தனி, சங்கீதம் தனி என்று அவர் பாத்தி கட்டவில்லை. வேலை செய்கிற மனிதன் வாயிலிருந்து வருவதை அருவியோடு வைத்தார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தப்பா செத்துப்போனார். அப்பாருவின் இளைய மகன். இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் ஆறாம் நாள் எழுந்திருக்கவில்லை. வாசல் முழுக்கப் பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் வந்து, அழுது, சொல்லி, மறுபடி அழுதார்கள். ஆண்கள் பந்தலுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் துண்டைத் தலையில் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்பாரு யாரோடும் பேசவில்லை. கொள்ளி வைக்கிற இடத்திலும் அழவில்லை. கருமாதி முடிகிற வரைக்கும் அழவில்லை. சோறு தட்டில் காய்ந்து கிடக்கும். அப்பத்தா பயந்துபோனாள். "வாய் தொறந்து அழுதாலாச்சும் தேவலையே" என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் விடிகாலை. உருளை கத்துகிற சத்தத்தில் விழித்தேன். பதினாறு நாளாகக் கேட்காத சத்தம். பண்ணையத்தாளைக்கூட எழுப்பாமல் அப்பாரு தானாகவே எருதைப் பிடித்துப் பூட்டியிருந்தார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்ப் பாத்திக்கு ஓடினேன். இருட்டு. பனி. பாட்டு ஆரம்பித்தது. பிள்ளையார் வந்தார், ஊர் மாரியாத்தா வந்தாள். எண்ணிக்கை வரவில்லை. அதன் இடத்தில் வேறு என்னவோ வந்தது. சின்னச் சின்னச் சொற்கள். நடை பழகினது, காது குத்தினது, வாய்க்காலில் செருப்பை விட்டுவிட்டு அழுதது, பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று சாளையில் ஒளிந்துகொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இறக்கம். தண்ணீர் கொட்டுகிறபோது நிறுத்தம். எருது மேடேறுகிறபோது "ஹோ... வா... வா..." அந்தக் கூப்பாடு அன்றைக்கு எருதைக் கூப்பிட்ட மாதிரியே இல்லை.

எண்ணிக்கை இல்லாததால் எப்போது மடை திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. பாத்தி நிறைந்து, வரப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குள் போய்விட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி அப்பத்தாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி போனாப் போவுது. அங்க போவாத அம்மிணி. அவரு அழுதுட்டு வரட்டும்" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெயில் ஏறியபிறகு அப்பாரு வந்தார். கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "கம்மஞ்சோறு இருந்தா ஊத்து" என்றார்.

நான் இரங்கல் எழுதுவது இதற்காகத்தான். பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. இப்போது அதுவும் மெலிந்துவிட்டது, ஆனாலும் ஒரு காலத்தில் அது முழுசாக இருந்தது. பக்கத்தில் கட்டிப்பிடிக்க ஆளும், எடுத்துச் சொல்ல மெட்டும், அழுது முடிக்க ஒரு வழியும் அதில் இருந்தன. ஆண்களுக்கு அப்படியொன்றை இந்த மண் கொடுக்கவில்லை. ஆம்பிளை அழக்கூடாது. வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. அதற்குப் பதிலாகத் தெரியாமலே ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தது. வீட்டுக்கு முதுகு காட்டி, இருட்டில், வடத்தின் மேல் உட்கார்ந்து, ஆள் அண்டாத தூரத்தில் தண்ணீரும் உருளையும் சேர்ந்து மறைத்துக்கொள்ள, அவன் வாய்விட்டுப் பாடலாம். யாராவது கேட்டால் வேலை செய்கிறான் என்றுதான் சொல்வார்கள். அழுகிறான் என்று சொல்ல மாட்டார்கள். கவலைப் பாட்டு ஆண்களின் ஒப்பாரி என்பதை நான் அன்றைக்கு ராகிப் பாத்தியில் நின்று தெரிந்துகொண்டேன்.

அந்தப் பாட்டு துக்கத்தை என்ன செய்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். சந்தோஷப்படுத்தவில்லை. திசை திருப்பவும் இல்லை. எருதின் நடைக்கு அதைக் கட்டிப்போட்டது. நெஞ்சில் மொத்தமாக அடைத்துக்கொண்டிருந்ததை ஒரு நேரத்துக்கு ஒரு சால் என்று வெளியே எடுத்தது. எடுத்தது பயிருக்குப் போயிற்று. உடம்புக் கணக்கிலும் இதற்குக் காரணம் உண்டு. மூச்சை நீட்டி மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு இறங்கும், பதற்றம் அடங்கும். வாரியின் நீளம் ஒரு நீண்ட மூச்சின் நீளம். எருது பின்னேறுகிற நேரம் அடுத்த மூச்சை இழுத்துக்கொள்கிற நேரம். ஒரு காலையில் இருநூறு சால் என்றால் இருநூறு நீண்ட மூச்சு. சோகத்தில் இருப்பவனை உட்காரவைத்து மூச்சை எண்ணிப் பயிற்சி செய் என்று சொன்னால் செய்வானா? எருதுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், பயிர் காய்கிறது என்றால் எழுந்து போவான்.

பழைய இலக்கணக்காரர்கள் இரங்கலுக்கென்றே ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்தார்கள். நெய்தல். அதற்கு விளரி யாழ் என்று ஒரு பண்ணும் கொடுத்தார்கள். கடலலை ஓயாமல் வந்து மோதுகிற சத்தத்தில்தான் பிரிவுத் துயரம் பாடப்படும் என்று அவர்கள் கண்டுபிடித்தது சாதாரண விஷயமில்லை. எங்கள் காட்டுக்குக் கடல் இல்லை. பெரிய ஆறும் கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லை. பாறையை வெட்டி இறங்கின கிணறுதான் இருந்தது. அலை மாதிரி வந்து வந்து போகிற சத்தத்தை அதிலிருந்து நாங்களே உண்டாக்கிக்கொண்டோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து கவலை ஓட்டினவர்களில் நிலம் உள்ளவர்கள் குறைவு. வருஷக் கூலிக்கு இருந்த பண்ணையத்தாட்கள்தான் பெரும்பாலும் ஓட்டினார்கள். மாதாரி வீட்டுப் பையன்கள். சாலின் தோல் வாலைத் தைத்தவர்களும் அவர்களின் அப்பன்கள்தான். கூலி தானியமாக வரும், அதுவும் அளந்து வரும். அவர்களும் பாடினார்கள். எங்கள் தோட்டத்தில் அப்பாருவைவிட நல்ல தொண்டை உள்ள ஒருவர் இருந்தார். அவர் பாட்டில் பசி வரும், கொடுக்காமல் விட்ட கூலி வரும். எங்கள் வீட்டுக் காதுபடவே வரும். நேரில் நின்று சொல்ல முடியாததை வடத்தின் மேல் உட்கார்ந்து சொல்லலாம் என்ற ஒரு சலுகை அந்தப் பாட்டுக்கு இருந்தது. எங்கள் வீட்டார் கேட்டும் கேளாத மாதிரி இருந்தார்கள் என்பதையும் நான் இங்கே எழுதி வைக்க வேண்டும்.

அதனால் மோட்டார் வந்ததை யாரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருக்கவும் கூடாது. பைக்காரா மின்சாரம் 1932லேயே வந்துவிட்டது. 1937ல் கோயம்புத்தூரிலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பட்டறை பட்டறையாக மோட்டாரும் பம்பும் பிறந்தன. கரண்ட் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்றால், 1970ல் கட்டணத்தை ஏற்றினதற்குக் கோவை விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் போயிற்று. வாரிகளை மண் போட்டு மூடினார்கள். காங்கேயம் காளைகளுக்கு வேலை போயிற்று. வேலை போன மாட்டைக் கட்டி வைத்துத் தீனி போட எத்தனை பேரால் முடியும்? சந்தைக்குப் போயின. தண்ணீர் எளிதாக வந்ததால் நிறைய எடுத்தோம், நிறைய எடுத்ததால் கிணறு வற்றியது. பிறகு ஆயிரம் அடி போர்.

கல்லூரியில் படிக்கும்போது, 1981ல், தோழி ஒருத்தியின் டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பாருவின் பாட்டைப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை. திண்ணையில் உட்காரவைத்து, பட்டனை அழுத்தி, "படிங்க அப்பாரு" என்றேன். பிள்ளையாரைப் பாடினார். மாரியாத்தாளைத் தொட்டார். நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் நின்றது. கை தன்னாலே பக்கத்தில் எதையோ தடவிற்று. வடத்தைத் தேடுகிற கை அது. "எருது இல்லாம எப்படி அம்மிணி வரும்? அதுக நடக்கோணும், நா படிக்கோணும்" என்றார். அந்த கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அப்பாருவின் குரலைவிட அவர் நிறுத்தின இடங்கள்தான் அதிகம். பின்னணியில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மூச்சு வாங்கத் தெரியாது.

ஏட்டில் ஏறின பாட்டுகள் உண்டு. பெர்சி மெக்வீன் திரட்டியதை கி.வா.ஜ. பதிப்பித்து 1958ல் மலையருவி வந்தது. நா. வானமாமலை தொகுத்தார், மு. அருணாசலம் எழுதினார். அவர்கள் செய்தது பெரிய உபகாரம். அந்தப் புத்தகங்களை எடுத்தால் வைக்க மாட்டேன். ஆனால் அவற்றில் இருப்பது சொல். இரண்டு அடிகளுக்கு நடுவே தண்ணீர் கொட்டின இடம் அச்சில் வெறும் வெள்ளைத்தாளாக இருக்கிறது. நான் அந்த வெள்ளையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது தூக்கம் வராதவர்கள் போனில் மழைச் சத்தம் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனசில்லை. அம்மா இறந்த வருஷம் நானும் அப்படிப் படுத்திருக்கிறேன். கொஞ்சம் கேட்கும். ரேச்சல் பக்ஸ்டனும் உடன் ஆய்வாளர்களும் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயற்கை ஓசைகளில் மன நிலையைத் தூக்கிவிடுவதில் தண்ணீர்ச் சத்தம் முன்னால் நின்றதாகவும், மன அழுத்தத்தையும் எரிச்சலையும் தணிப்பதில் பறவைச் சத்தம் முன்னால் நின்றதாகவும் அதில் இருக்கிறது. படித்தபோது எனக்குக் கிணற்று மேடுதான் கண்ணுக்கு வந்தது. தண்ணீரும் கரிச்சானும் ஒரே இடத்தில் இருந்த மேடு. ஆனால் போனில் வருகிற மழை கேட்கத்தான். அதோடு சேர்ந்து நம் வாயைத் திறக்க வழியில்லை. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடி அதே இடத்தில் இடிக்கும். அப்பாருவுக்கு ஆறுதல் கொடுத்த தண்ணீர் அவர் இழுத்த தண்ணீர். அவர் பாடினால்தான் எருது நடக்கும், எருது நடந்தால்தான் அது கொட்டும்.

எங்கள் கிணற்றுக் கல்தூண்கள் நிற்கின்றன. விளிம்புக் கல்லில் வால்கயிறு அறுத்த பள்ளம், விரல் வைத்தால் விரல் முழுக்க உள்ளே போகிற ஆழம். கிணற்றுக்குள் முள்ளும் பிளாஸ்டிக் பையும். தண்ணீர் இப்போது போரிலிருந்து வருகிறது. மோட்டார் பூமிக்குள் எங்கேயோ கிடக்கிறது, அதற்குச் சத்தம்கூட இல்லை. கரிச்சான் மட்டும் வருகிறது. எருது முதுகு இல்லாததால் கரண்ட் கம்பியில் உட்காருகிறது.

போன தை மாதம் அப்பா தவறிப்போனார். தம்பி அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தான், கார் நிறுத்த இடம் காட்டினான், பந்தல்காரனுக்குக் கணக்குத் தீர்த்தான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கரிச்சான் கத்துகிற நேரம், கதவு திறக்கிற சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். தோட்டத்துப் பக்கம் போனான். சுவிட்சைப் போட்டான். பைப்பில் முதலில் காற்று இருமிற்று, பிறகு தண்ணீர் தொட்டிக்குள் கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய பயிர் எதுவும் அப்போது காட்டில் இல்லை, மஞ்சள் வெட்டி முடித்திருந்தது. அவன் பைப்புக்குப் பக்கத்தில், வீட்டுக்கு முதுகு காட்டி நின்றான். தொட்டி நிறைந்து வாய்க்காலில் வழிந்தது. நான் கிட்டே போகவில்லை. சாளையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், தண்ணீரைத் தென்னைப் பக்கம் திருப்பிவிட்டேன்.